மச்சானின் மணிக்கூடு

மச்சானின் கைமணிக்கூட்டை நான் கட்டிக்கொண்டு திரிந்தேன் என்று எங்கள் தெருவில் இன்னும் கதைக்கிறார்கள். கட்டவில்லை. கையில் பிடித்திருந்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் இனி வாயைத் திறக்க வேண்டியதில்லை.

மச்சான் என் ராத்தாவின், மூத்த சகோதரியின், மாப்பிள்ளை; அவர்களுடைய கலியாணத்தில் வாப்பா அவருக்குக் கொடுத்த மணிக்கூடு அது. முகத்தில் விநாடிக்கென்று தனியாக ஒரு சின்ன முள் ஓடும். எங்கள் வளவுக்குள் அப்படி முள் ஓடுகிற மணிக்கூடு வேறு இல்லை. ராத்தாவின் நாடியை ஒரு நிமிடம் முழுக்க எண்ணிப் பார்த்த பிறகே மருந்துக் குளிசையைக் கொடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதைப் பார்த்து எண்ணத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எங்கள் குடும்பத்தில், ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புவரை போய்ச் சோதனை பாஸ் பண்ணியவள் நான். வாப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். ராத்தா குர்ஆனை அழகாக ஓதுவாள். தமிழில் ஒரு எழுத்துக் கூட்டத் தெரியாது. எனக்குச் சாய்ந்தமருதுப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கும் வேலை கிடைத்தபோது, "இவள் இனி நம்மட கையில நிக்க மாட்டாள்" என்று மாமி சொன்னாள். மாமி என்றால் வாப்பாவின் தங்கை, பக்கத்து வளவு. அவள் சொன்னவற்றில் சரியாய்ப் போன ஒரே சொல் அதுதான்.

ராத்தாவுக்குச் சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. முழங்கால் வீங்கும், அது வடிய மணிக்கட்டு வீங்கும், அது வடிய கணுக்கால். வாதம் என்று எண்ணெய் பூசினார்கள். காய்ச்சல் போய்விட்டது. போகிறபோது அவளுடைய நெஞ்சுக்குள் என்ன செய்துவிட்டுப் போனது என்று யாருக்கும் தெரியாது. முதல் பிள்ளையைப் பெற்றாள், கொஞ்சம் இளைத்தாள். இரண்டாவது பிள்ளையைப் பெற்று நாற்பது நாள் முடியுமுன்னர் முகம் ஊதி, கை ஊதி, கால் ஊதி, ஆள் இரண்டு மடங்கானாள். பார்க்க வந்தவர்கள் கன்னத்தைத் தொட்டு, "மாஷா அல்லாஹ், உடம்பு வச்சிரிக்கா" என்றார்கள். உம்மாவுக்குச் சந்தோசம். பெற்றவளுக்கு மருந்துச் சரக்கு அரைத்துக் கொடுத்து, மிளகும் உள்ளியும் கருவாடுமாய்ச் சோறு போட்டதெல்லாம் உடம்பில் சேர்ந்துவிட்டது என்று நம்பினா. நான் அந்தக் காலில் விரலை அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. விரலை எடுத்து நெடுநேரமாகியும் அந்தக் குழி நிரம்பவில்லை.

"என்ன உம்மா இது?"

"சதை புதுசுதானே, அப்படித்தான் இரிக்கும்" என்றா உம்மா.

ராத்தாவால் படுக்க முடியவில்லை. சாய்ந்தால் பதறி எழும்பிக் குந்துவாள். "நெஞ்சுக்குள்ள தண்ணி ஏறுற மாதிரி இரிக்கிகா" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். ஓதிப் பார்த்தார்கள். பிறகு, நான் நின்ற நிலையில் நின்று சண்டை பிடித்த பிறகு, வாடகைக் காரின் கண்ணாடிகளுக்குச் சீலை கட்டி ஆசுபத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

டொக்டர் குழாயை வைத்துக் கேட்டார். ராத்தாவின் கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்தார். பிறகு என்ன செய்ய வேண்டும் என்று மச்சானிடம் சொல்லத் தொடங்கினார். மச்சான் நிலத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான்தான் இடையில் புகுந்து, "ஏன் வீங்குது, டொக்டர்?" என்று கேட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "படிக்கிற பிள்ளையா?" என்றார்.

"படிப்பிக்கிற பிள்ளை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தில், இதுதான் இருதயம் என்று, நாலு அறை உள்ள பெட்டி ஒன்றைக் கீறினார். இடப்பக்கத்து இரண்டு அறைகளுக்கும் நடுவில் உள்ள கதவு, அந்தப் பழைய காய்ச்சலால் ஒட்டிச் சுருங்கிவிட்டது. இரத்தம் முன்னால் போக வழி காணாமல் பின்னால் தேங்குகிறது. முதலில் சுவாசப்பை நனைகிறது. அதனால்தான் படுத்தால் மூச்சு முட்டுகிறது. பிறகு ஈரல் வீங்குகிறது, கால் வீங்குகிறது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது உடம்பில் இரத்தம் கூடுவதால் இருதயம் தாங்காமல் போயிற்று. கதவை வெட்டித் திறக்கிற வைத்தியம் எங்கோ தொடங்கியிருக்கிறது, இங்கே இப்போதைக்கு இல்லை. இருக்கிற இருதயத்தைக் களைக்க விடாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம்.

சில கிழமைகள் ராத்தாவை வார்ட்டில் வைத்திருந்தார்கள். பாதரச மருந்து உள்ள ஊசி போட்டார்கள். போட்ட நாளெல்லாம் மூத்திரமாய்ப் போய், கால் சுருங்கி, வளையல் கையில் கழன்று விழத் தொடங்கியது. வார்ட்டில் இருந்த தாதி மிஸ்ஸி எனக்கு எல்லாவற்றையும் செய்து காட்டினா. குடிக்கிற தண்ணீரையும் கழிக்கிற தண்ணீரையும் அளந்து பார்ப்பது. வீங்கிய தோல் கடதாசி மாதிரி கிழியும் என்பதால் குதிக்காலையும் இடுப்பையும் படுக்கையில் உராயவிடாமல் மாற்றி மாற்றி வைப்பது. டிஜிட்டாலிஸ் குளிசைக்கு முன் நாடி எண்ணுவது. நிமிடத்துக்கு அறுபதுக்குக் கீழே போனால், அல்லது வயிற்றைப் புரட்டி ஓங்காளித்தால், குளிசையை நிறுத்திவிட்டு ஓடிவருவது. உப்பு கூடவே கூடாது; கருவாடு, மாசி, ஊறுகாய், கடையில் வாங்குகிற பாண் ரொட்டிகூடக் கூடாது. ஒருக்காலும் மட்டமாகப் படுக்கவைக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் வாப்பாவுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. வாப்பா வட்டவிதானை. வாய்க்காலில் வருகிற தண்ணீரை யாருடைய வயலுக்கு எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. நெஞ்சுக்குள் நாலு அறை என்றதும் அவருடைய கண் எங்கேயோ போய்விட்டது. நான் காகிதத்தை மடித்து வைத்தேன்.

"வாப்பா, மதகுப் பலகை பாதியில இறுகிப்போச்செண்டு வைங்க. என்ன நடக்கும்?"

"கீழ் வயல் காயும். மேல் வயல் முங்கும்."

"அதுதான் ராத்தாக்கு."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "அப்ப உப்பு?"

"உப்பு தண்ணியப் போகவிடாது. பிடிச்சு வச்சிக்கிரும்."

"ஓம். உவர் மண்ணும் ஈரத்த விடாதுதான்" என்றார். பிறகு உம்மாவிடம் திரும்பி, "இவள் சொல்றபடி செய்" என்றார். டொக்டரின் படத்தைவிட என்னுடைய மதகு நல்லது என்று அன்று எனக்கு ஒரே பெருமை. அந்த மதகை வாப்பா எங்கே கொண்டுபோய் நிறுத்துவார் என்று அப்போது தெரியாது.

ஆசுபத்திரியில் இருந்த மாதிரி முதுகு உயர்த்துகிற கட்டில் எங்களிடம் இல்லை. நான் ஒரு சாக்கில் பாதிக்கு நெல் நிரப்பித் தைத்து, ராத்தாவின் கட்டிலில் சுவரோடு சாத்தி, அதன் மேல் தலையணை வைத்தேன். நெல் முதுகுக்கு ஏற்ற மாதிரி அமர்ந்து கொடுக்கும். மடியில் ஒரு முக்காலி, அதன் மேல் இன்னொரு தலையணை. களைத்தால் முன்னால் குனிந்து அதில் தலை வைப்பாள். ராத்தா அப்படியே இருந்து தூங்கப் பழகினாள். கணுக்காலை ஒரு சீலை நாடாவால் அளந்து, வடிந்த அளவுக்கு அந்த நாடாவிலேயே மையால் கோடு போட்டேன். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் மச்சானிடம் மணிக்கூட்டை வாங்கி நாடி எண்ணுவேன்; பின்னேரம் வந்து மறுபடி எண்ணுவேன். ராத்தாவின் நாடி ஒழுங்காக ஓடாது. இரண்டு அடி ஓடும், ஒன்று தவறும், பிறகு மூன்று ஒன்றாய் விழும். கண்ணை முள்ளிலிருந்து எடுத்தால் எண்ணிக்கை போய்விடும். ஆகவே மணிக்கூட்டை இடது கையில் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் இருப்பேன்.

உப்பில்லாத சோற்றுக்கு நான் தனிச் சட்டி வைத்தேன். தேசிக்காய்ப் புளி, பச்சை மிளகு, தேங்காய்ப் பால், ஆற்று மீன். மாமி வந்து சட்டியைத் திறந்து ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"சிறையில கிடக்கிற மறியல்காரனுக்கும் உப்புப் போட்டுத்தான்கா சோறு குடுக்கிற" என்றாள்.

"மறியல்காரனுக்கு நெஞ்சு வருத்தம் இல்ல மாமி."

"உனக்கும் இல்ல. அதான் இப்படிக் கதைக்கிறாய்."

அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு எப்போதும் முடியும். ஆனால் அவள் என்னிடம் கதைக்காத நேரத்தில் ராத்தாவிடம் கதைத்தாள்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு. எங்கள் கல்வீட்டை ராத்தாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் நானும் அதே வளவில் பின்னாலிருந்த ஓலை வீட்டில் இருந்தோம். ஒருத்தி பிள்ளைகளை விட்டு மௌத்தாகிப் போனால், அவளுடைய தங்கையை அதே மாப்பிள்ளைக்கு முடித்து வைப்பதும் எங்கள் ஊரில் புதினம் இல்லை. பிள்ளைகளுக்குச் சாச்சியைவிட நல்ல தாய் யார் என்பார்கள். வீடும் கைமாறாது. நான் அப்போது கலியாணமாகாத குமர். ராத்தாவின் வீட்டில் விடிந்தது முதல் நிற்கிறேன், அவளுடைய சட்டியில் சமைக்கிறேன், அவளுடைய பிள்ளைக்குப் பால்மா கரைக்கிறேன், அவளுடைய மாப்பிள்ளையின் மணிக்கூடு என் கையில். ஊரார் கணக்குப் போட இதற்கு மேல் என்ன வேண்டும்?

மாமி ராத்தாவிடம் சொன்னது பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. "உன்ட தங்கச்சிக்கு உன்ட மாப்பிள்ளைட மணிக்கூடு நல்லாப் பொருந்துதுகா."

ராத்தா என்னோடு கதைப்பது குறைந்தது. குளிசையை நீட்டினால், "வையி, மறுகா குடிக்கிறன்" என்பாள். திரும்பி வந்து பார்த்தால் குளிசை இருக்காது. குடித்துவிட்டாள் என்று நினைப்பேன். ஆனால் நாடாவில் நான் போட்ட கோட்டைத் தாண்டிக் கால் மறுபடி வளர்ந்தது. பேசும்போது வசனத்தின் நடுவில் மூச்சு வாங்கினாள். எனக்குப் பிடிபடவில்லை. நெல் அமர்ந்துவிட்டதென்று ஒரு நாள் சாக்கைப் பிரித்து நிரப்பப் போனபோதுதான், தையல் மடிப்புக்குள் குளிசைகள் உதிர்ந்து விழுந்தன. கட்டில் பாயின் அடியில் மாமி கொடுத்த கருவாட்டு முள் இருந்தது.

"ஏன் ராத்தா?"

"நீ என்னத்தத் தாறாய் எண்டு எனக்கெப்படித் தெரியும்?"

"டொக்டர் தந்தது."

"டொக்டர் உன்னோடதானே கதைச்சார். என்னோட கதைக்கல்லியே." இளைத்து இளைத்துச் சொன்னாள். "நான் போனா நீ இந்தக் கட்டில்ல படுப்பாய். படு. மட்டமா நீட்டிப் படு. உனக்கு மூச்சு முட்டாது."

குளிசைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மதகு, அறை, கதவு, உப்பு என்று எல்லாருக்கும் விளங்கப்படுத்தினேன். நெஞ்சுக்குள் கதவு பழுதான ஆளுக்கு மட்டும் ஒன்றையும் சொல்லவில்லை. எழுத்துத் தெரியாதவளுக்கு என்ன விளங்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

அன்று பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்த வாப்பா என்னைக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்துக்கு இனிப் போகத் தேவையில்லை என்றார். ஏன் என்று கேட்டேன்.

"நீதானே மகள் சொன்னாய், மதகு பழுதெண்டு."

"ஓம்."

"பழுதான மதகுக்காக வயலக் கைவிடேலா. பக்கத்தில ஒண்டக் கட்டி வைக்கத்தான் வேணும். தண்ணி வரக்குள்ள தேடித் திரியேலா."

அந்தப் பக்கத்து மதகு நான். "ராத்தா உசிரோட இரிக்கா வாப்பா."

"இரிக்கட்டும். அல்லாஹ் ஹயாத்தக் குடுக்கட்டும். நான் கெடுதி நினைக்கல்ல. அந்தப் புள்ளைகளையும் பாக்கணும், இந்தக் குமரையும் பாக்கணும். மாப்பிள்ளைக்கும் சொல்லியிரிக்கன்."

"அவர் என்ன சொன்னார்?"

"என்ன சொல்லுவான். பேசாம இருந்தான்."

வாப்பா கெட்ட மனிதர் இல்லை. வறட்சிக் காலத்தில் பெரிய போடியாருக்கும் ஏழைக்கும் ஒரே அளவில் தண்ணீர் திறந்தவர் என்று சொல்வார்கள். அந்த நேரம் அவர் என்னோடு கதைத்ததும் அந்த நியாயத்தோடுதான். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

நான் நேரே கல்வீட்டுக்குப் போனேன். மச்சான் பாயில் இருந்து சோறு தின்றுகொண்டிருந்தார். உம்மா பரிமாறிக்கொண்டிருந்தா. சீலைத் திரைக்கு அப்பால் ராத்தா நெல் சாக்கில் சாய்ந்திருந்தாள். காலையில் வாங்கித் திருப்பிக் கொடுக்காமலிருந்த மணிக்கூட்டை மச்சானின் பீங்கான் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"மச்சான், உங்களுக்கு ஒண்டு சொல்லணும். ராத்தா மௌத்தாப் போனாலும் நான் உங்கள முடிக்க மாட்டன். இண்டைக்கில்ல, எண்டைக்கும் மாட்டன். வாப்பாக்கும் சொல்லிருங்க."

மச்சான் சோற்றுக் கையை அப்படியே வைத்திருந்தார். உம்மா எழும்பி என் கன்னத்தில் அறைந்தா.

"ஆக்கினை பிடிச்ச வாய். வருத்தக்காரி கிடக்கிற வீட்டில அந்தச் சொல்ல எடுக்கிறாய். உன்னப் படிப்பிச்சது இதுக்கா?"

என் கன்னம் எரிந்தது. ஆனாலும் அந்தச் சொல்லை முதலில் எடுத்தது நான் இல்லை. எல்லாரும் அதை வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருந்தார்கள். நான் துப்பினேன், அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலையில் ராத்தா என்னைக் கூப்பிட்டாள். முகம் இன்னும் ஊதியிருந்தது. நகம் நீலமாக இருந்தது.

"மணிக்கூடு எங்க?"

"மச்சான்ட்ட."

"போய் வாங்கிட்டு வா."

வாங்கி வந்தேன். கையை நீட்டினாள். எண்ணினேன். குளிசையைக் கொடுத்தேன். குடித்துவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினாள், சின்னப் பிள்ளைகள் காட்டுகிற மாதிரி. பிறகு கேட்டாள்.

"ஏன்கா, என்ட மாப்பிள்ளைக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல."

"மறுகா? உனக்குப் படிச்ச ஆள் வேணும். எனக்கெண்டா இது போதும், உனக்குக் காணாது. அப்படித்தானே?"

நான் மணிக்கூட்டின் முள்ளைப் பார்த்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "பாத்தியா" என்று சிரித்தாள். சிரிக்க மூச்சுக் காணாமல் இருமினாள். அதன் பிறகுதான் நான் காகிதத்தை எடுத்துவந்து அந்த நாலு அறைகளையும் அவளுக்குக் கீறிக் காட்டினேன். கதவைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தாள். "இவ்வளவு சின்னச் சாமானா?" என்றாள்.

அன்றிலிருந்து உப்பில்லாத சோற்றை ஒரே சஹனில் போட்டு இருவருமாகத் தின்றோம். விருந்துக்கு வைக்கிற பெரிய சஹன் அது. மாமி கண்டுவிட்டு, "ரெண்டு மறியல்காரி" என்றாள். ராத்தா, "வாங்க மாமி, மூணாவது ஆளுக்கும் இடம் இரிக்கி" என்றாள். மாமி அதோடு கருவாடு கொண்டுவருவதை நிறுத்திக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்கு நான் யாரையும் கேட்காமல் போனேன்; வாப்பா தடுக்கவும் இல்லை, முகம் கொடுத்துக் கதைக்கவும் இல்லை.

ஊசி, குளிசை, சாக்கு என்று ராத்தா மெல்ல மெல்ல வடிந்தாள். சமைக்கிற குசினி வரைக்கும் நடந்தாள். பிள்ளையைத் தானே மடியில் வைத்தாள். அப்போதுதான் டொக்டர் மற்றதைச் சொன்னார். இனி ஒரு பிள்ளை உண்டாகக் கூடாது. உண்டானால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

இருந்தது இரண்டும் பெண் பிள்ளைகள். மச்சான் மருதமுனையில் நெய்கிற சாரன்களைப் பொத்துவிலுக்குக் கொண்டுபோய் விற்கிறவர். முன்பு கிழமைக்கு ஒரு தடவை போவார். பிறகு, நாடி எண்ணவென்று மணிக்கூட்டைப் பலகைத் தட்டில் விட்டுவிட்டு, அங்கே தங்கினார். பிறகு அங்கே கலியாணம் முடித்தார். ஒருவரும் சத்தம் போடவில்லை. மார்க்கத்தில் இடமிருக்கிறது என்றார்கள். ஆம்பிளை எத்தனை நாளைக்குப் பார்த்துக்கொண்டிருப்பான் என்றார்கள். ஒரு நாள் வந்து தன் உடுப்புகளை எடுத்தார். பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். பலகைத் தட்டில் இருந்த மணிக்கூட்டை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டு போனார். அது அவருக்குக் கொடுத்ததுதானே.

உம்மா குசினிக்குள் இருந்து சொன்னா. "உன்ட வைத்தியத்தால இவள் உசிரோட இரிக்கா. ஓம், இல்லெண்டு சொல்லல்ல. ஆனா நீ அண்டைக்கு அந்தக் கதை கதைக்காம ஓமெண்டு இருந்திருந்தா…"

அதோடு நிறுத்திவிட்டா. அந்த வசனத்தை நான் பல தடவை முடித்துப் பார்த்திருக்கிறேன். எப்படி முடித்தாலும் அதற்குள் ராத்தா மௌத்தாகி மையித்தாய்க் கிடக்கிறாள். பெற்ற தாய்க்கு அது தெரியாமலா இருக்கும்? தெரிந்ததால்தான் நிறுத்தினா என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் தொடங்கினா.

பின்னேரக் குளிசைக்கு நேரம் வந்தது. நான் வழக்கம்போல் பலகைத் தட்டில் கை வைத்தேன். வெறும் தட்டு. ராத்தா நெல் சாக்கில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனி எதப் பாத்து எண்ணுவாய்?"

"சம்பளம் எடுத்ததும் ஒண்டு வாங்குவன்."

"அதுவரைக்கும்?"

அவளுடைய மணிக்கட்டை வலது கையில் பிடித்தேன். இடது கை விரல்களை என் கழுத்தில் வைத்தேன். என்னுடையது, முன்பே மணிக்கூட்டில் எண்ணிவைத்தபடி நிமிடத்துக்கு எழுபது, நிதானமாக ஓடியது. அவளுடையது இரண்டு அடி ஓடி, ஒன்று தவறி, மூன்றாய் விழுந்து ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்டது நிண்டுட்டா?" என்று கேட்டாள்.

"இல்ல. என்டதுக்கு முன்னால ஓடுது."

"அப்ப குடிக்கலாமா?"

"குடிக்கலாம்."

வாயைத் திறந்தாள். குளிசையை நாக்கில் வைத்தேன். தண்ணீரை அளந்து கொடுத்தேன். குடித்து முடித்துக் கிளாசைத் தந்துவிட்டு, "உன்ட மணிக்கூட்ட வாங்கினா நீயே கட்டிக்க" என்றாள். "ஆருக்கும் குடுக்காத."